எண்ண முடியாத நாற்காலிகள்

கேள்வி: நாற்காலி, மேசை, கட்டில் எல்லாமே எண்ணக்கூடியவைதாம். ஆயினும் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதியதற்காக என் மகளுக்கு ஆசிரியை மதிப்பெண் குறைத்துவிட்டார். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட், ஆங்கிலத்தில் தர்க்கமே கிடையாது என்கிறார். சரிதானே?

பதில்: ஆசிரியை செய்ததே சரி. நாற்காலியை எண்ணலாம், எண்ண முடியாதது ‘ஃபர்னிச்சர்’ என்ற சொல். ஒருமையும் பன்மையும் பொருளில் இல்லை. அப்பொருளுக்கு ஒரு மொழி வைத்திருக்கும் சொல்லில் இருக்கின்றன. கடையில் ‘பத்து அரிசிகள்’ என்று கேட்காமல் படி, மூட்டை என்று அளவு சொல்லிக் கேட்கிறோம் அல்லவா? அதுபோலவே ஆங்கிலேயர் ‘எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியிலோ மரச்சாமானுக்குரிய சொல்லுக்குப் பன்மை தாராளமாக உண்டு. ‘இன்ஃபர்மேஷன்’ என்பதற்கும் உண்டு.

நாம் வழுக்குவது பெரும்பாலும் தமிழைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் நடக்கும்போதுதான். தகவல்கள், அறிவுரைகள் என்று எழுதிப் பழகிய கை ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதிவிடுகிறது. கத்தரிக்கோல் நமக்கு ஒன்று, அவர்களுக்கு ‘சிஸர்ஸ்’ எப்போதும் பன்மை. நரைத்த தலைமுடி முழுவதும் அவர்களுக்கு ‘ஹேர்’ என்ற ஒருமைதான்; சோற்றில் இரண்டு முடி கிடந்தால் மட்டும் ‘டூ ஹேர்ஸ்’ என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பேருந்தில் ‘ஒரு லேடீஸ் இறங்கணும்’ என்று குரல் கொடுக்கும் நடத்துநரைக் கண்டு சிரிக்கவும் வேண்டாம். பட்டாணிக்கு ‘பீஸ்’ என்று இருந்த ஒருமைச் சொல்லின் கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று மயங்கி, அதை வெட்டிவிட்டு ‘பீ’ என்ற புதிய ஒருமையை 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆக்கிக்கொண்டவர்கள் ஆங்கிலேயரே.

உங்கள் நண்பரின் தர்க்கத்தைவிட, அவரை நீங்கள் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று குறிப்பிட்ட விதம்தான் என்னை உறுத்துகிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என இரண்டுமே தமிழில் சரி. ஒருமை பன்மைக்குப் பொதுவாக நிற்கும் இத்தகைய சொல்லைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பது இலக்கணம். ‘ஐந்து புத்தகம் வாங்கினேன்’ என்று பேசும் பழக்கத்தில் ஒரு மாணவர் ‘ஃபைவ் புக்’ என்று எழுதினால், காரணமாவது விளங்கும். ஆனால் நண்பர் உயர்திணை. ‘என் நண்பரில் ஒருவர்’ என்று நீங்கள் தமிழில் ஒருநாளும் எழுதமாட்டீர்கள். ஆங்கிலத்திலும் அங்கே ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றுதான் வர வேண்டும்.