எட்டு ஆண்டு நின்ற டாடா மொபைல்: முதல் ஸ்பேனரை எங்கே வைப்பது?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா 1994-ல் வாங்கிய டாடா மொபைல் பிக்கப் எட்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. அவர் காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை. தேங்காய், உரமூட்டை, கோழி எரு என்று எல்லாம் சுமந்த வண்டி. எப்போது ஆயில் மாற்றினார், எப்போது டயர் மாற்றினார் என்று டேஷ்போர்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வேலை பார்த்து ஓட வைக்க வேண்டும் என்று ஆசை. ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். முதலில் பெயிண்ட் அடித்துவிடலாமா, அல்லது புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிடலாமா?"

இரண்டும் வேண்டாம். பெயிண்ட் கடைசி வேலை. பேட்டரி போட்டு செல்ஃப் அடிப்பதோ இப்போதைக்குச் செய்யவே கூடாத வேலை. முதலில் காகிதம், பிறகு சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அதன்பின் பிரேக், அதன்பின் எஞ்சின், எல்லாம் முடிந்த பிறகு அழகு. இதுதான் வரிசை. இதைத் தலைகீழாக்கியவர்களின் வண்டிகள் புதுப் பெயிண்டோடு கொட்டகையிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்டுக்குக் காசைக் கொட்டிய பிறகுதான் சேஸிஸில் ஓட்டை தெரியவரும். அதை வெல்டிங் வைக்கப் போனால் பெயிண்ட் கருகும்.

நல்ல வண்டியைத்தான் கையில் எடுத்திருக்கிறீர்கள். டெல்கோ என்று இருந்த காலத்தில் டாடா நிறுவனம் 1988-ல் இந்தப் பிக்கப்பைக் கொண்டுவந்தது. 1991-ல் வந்த சியரா காரும், அதன்பின் வந்த எஸ்டேட் காரும் இதன் அடித்தளத்தின்மேல் எழுந்தவை. உங்கள் எஞ்சின் 483 டி.எல். வகையாக இருந்தால், அதே 1,948 சிசி டீசல் எஞ்சின்தான் சியராவிலும் தொடக்ககாலச் சுமோவிலும் ஓடியது. சுமோ நாடு முழுக்க ஓடிய வண்டி. ஆகவே எஞ்சின் சாமான்களுக்கு நீங்கள் அலைய வேண்டியிராது. கேபின் தகடு, கதவுக் கண்ணாடி ரப்பர் போன்றவைதான் கிடைப்பது கடினம். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேட வேண்டியிருக்கும். கழற்றும்போது எது உடையக்கூடாது என்பதை இதிலிருந்தே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுங்கள். வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற 31-ஆம் எண் படிவம். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை என்பதால் தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் வரலாம். அந்தக் காலத்தில் கடனில் வாங்கிய வண்டியென்றால், தவணை முடிந்தும் ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கும். அதற்குக் கடன் கொடுத்த நிறுவனம் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவம் வேண்டும். சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். பழம்பெரும் வாகனப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. 2021-ல் வந்த அந்த விதி, 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்.

முக்கியமாக, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமத்து வண்டிகளில் நடுவில் ஒருமுறை எஞ்சினையே மாற்றிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அது தெரியாமல் எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டு, எஃப்.சி. எடுக்கப் போகும் இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவைத்துவிடுங்கள்.

இனி சேஸிஸ். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம். அது முன்னறிவிப்பே இல்லாமல் பொடியாகும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள், அல்லது தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். பிறகு ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். சேஸிஸ் சட்டத்தை முன்னிருந்து பின்வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் 'டொப்' என்று அடங்கிப்போகும். அப்படி அடங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அது மேல்துரு அல்ல.

உங்கள் வண்டியில் எங்கே துரு இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். சரக்கு ஏற்றும் தொட்டி சேஸிஸ்மேல் உட்காரும் இடங்கள், பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட், பேட்டரித் தட்டு, கேபின் மேட்டுக்கு அடியில் கால் வைக்கும் பகுதி. பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். ஈரம் பட்டால் இரும்பைக் கரையான் மாதிரி அரிக்கும். கோழி எருவும் சளைத்ததல்ல. தொட்டியின் பலகை இடுக்கில் தங்கிய உரத்தூள், வண்டி நின்ற எட்டு ஆண்டும் மழைக்காலம் தவறாமல் தன் வேலையைச் செய்திருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதற்கே ஒதுக்குங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகுதான் துரு உண்மை பேசும்.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருமாற்றி திரவம் பூசி, எப்பாக்ஸி பிரைமர் அடிப்பதை நீங்களே செய்யலாம். ஆனால் சேஸிஸ் சட்டத்திலோ ஸ்பிரிங் பிராக்கெட்டிலோ ஓட்டை என்றால், அது லாரி சேஸிஸ் வேலை பழகிய வெல்டரின் வேலை. வீட்டு கேட் செய்பவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்ற வேண்டும். டீசல் டேங்கை இறக்கித் தூரத்தில் வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று அதிலேயே ஒட்டுப் போட நினைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிர் போயிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் வண்டியை முழுதாகக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி, அதை மாட்டிய பிறகே அடுத்தது. கழற்றிய போல்ட்டை அதன் ஓட்டையிலேயே நாலு மரை திருகி வைத்துவிடுங்கள். முடியாதபோது மட்டும் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன் மூன்று கோணத்தில் கைபேசியில் படம். அறுவடைக்காலம் குறுக்கே வந்து நான்கு மாதம் வேலை நின்றாலும், திரும்பி வரும்போது நிற்பது வண்டியாக இருக்க வேண்டும், சாக்குமூட்டைகளாக அல்ல.

ஓடும் வண்டியை நிறுத்த முடியாவிட்டால் ஓடவைத்துப் பயனில்லை. அதனால்தான் எஞ்சினுக்கு முன் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எட்டு ஆண்டில் அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்திருக்கும். நான்கு சக்கரத்தையும் கழற்றி, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் புது ரப்பர் கிட் போடுங்கள். உள்சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் பழைய தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், கழற்றிய பிரேக் ரப்பர்களைச் சுத்தமாக இருக்கட்டும் என்று டீசலில் அலசி மாட்டினேன். மறுநாள் வண்டி நான்கு கிலோமீட்டர் ஓடி, இறக்கத்தில் பின்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு நின்றது. கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு ரப்பரும் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. டீசல், பெட்ரோல், கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பரில் படக்கூடாது. கழுவுவதானாலும் மாட்டும்போது தடவுவதானாலும் புது பிரேக் ஆயில் ஒன்றுதான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

இப்போது எஞ்சின். பழைய டீசலை டேங்கிலிருந்து முழுதாக வடியுங்கள். அடியில் தண்ணீரும், வெல்லப்பாகு போலப் பிசினும் இறங்கும். அது டீசல் பம்புக்குள் போயிருந்தால் பம்ப் பாழ். டேங்கைக் கழுவி, குழாய்களைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றுங்கள். பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்துச் சோதியுங்கள். வீட்டில் பிரிக்கும் பொருள் அல்ல அவை. திரும்ப மாட்டும்போது பம்ப் டைமிங் சரியாக உட்கார வேண்டும் என்பதால், கழற்றும் முன் அடையாளக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கை வரவில்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதில் தவறில்லை.

நாசில்கள் பட்டறையில் இருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். அந்த ஓட்டைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று எங்கும் தடையில்லாமல் வந்தால் நிம்மதி. ஜாம் ஆகியிருந்தால் மறுபடி ஆயில் விட்டுப் பொறுத்திருங்கள். டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒட்டிய பிஸ்டனை அப்படி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். நாசிலை மாட்டியபடி செல்ஃப் அடிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. சிலிண்டருக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் அது அமுங்காது, இரும்புதான் வளைந்துகொடுக்கும்.

பழைய எஞ்சின் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது; ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். கறுப்பாக வந்தால் மாற்றிவிட்டு மேலே போகலாம். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால் பழையதோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிது.

இப்போது பேட்டரி. நாசில் இல்லாமலே, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச்சேர்ந்த பிறகு நாசிலை மாட்டி, ஹேண்ட் பிரைமரைக் குத்தி, ஃபில்டர் தலையிலிருந்து குமிழி இல்லாத டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். ஹீட்டர் பிளக்கைச் சூடேற விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி வைத்து, பக்கத்தில் ஒருவர் தடித்த பலகையோடு நிற்கட்டும். அரிதாக, டீசல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயைப் பலகையால் மூடினால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ மூடக்கூடாது.

வயரிங்கில் எலி கடித்த இடத்தையெல்லாம் டேப் சுற்றி ஒப்பேற்றாமல், அந்த நீளத்தையே மாற்றுங்கள். டயரில் பட்டன் (தேயாத மேடு) இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 1215 என்றால் 2015-ன் 12-ஆவது வாரம் செய்தது. உங்கள் டயர்களின் வயது எதுவானாலும் எட்டு ஆண்டு ஒரே இடத்தில் அமுங்கி நின்றவை, மாற்றியே ஆகவேண்டும்.

கடைசியாகப் பெயிண்ட். பள்ளத்தை நிரப்பும் பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனக்கக்கூடாது. ஓட்டையைப் பட்டியால் அடைப்பது ஏமாற்று வேலை; தகடு வைத்துத்தான் அடைக்க வேண்டும். முன்பே யாராவது அப்படி அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க, காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் ஓட்டுங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் கனமான பட்டி இருக்கிறது. தொட்டிக்கும் அடிப்பகுதிக்கும் சிந்தடிக் எனாமலை நீங்களே பிரஷ்ஷால் அடிக்கலாம். கேபினுக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் வேண்டுமென்றால் பெயிண்ட் பட்டறைக்கு விடுங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். பெயிண்ட் வேலையை ஜனவரி முதல் ஏப்ரல்வரை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் தோப்புக்குள்ளேயே, லோடு இல்லாமல் இருக்கட்டும். இன்சூரன்சும் எஃப்.சி.யும் கைக்கு வந்த பிறகு சாலைக்கு எடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டையின் யு போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அப்பா எழுதிய அந்த மூடி. அதிலுள்ள கடைசி வரியைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் இப்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. பெயிண்ட் பட்டறைக்கு வண்டியை விடும் அன்று அந்த மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.