வான்கூவர் பக்கம் கடற்கரைக் கல்லுக்கு அடியில இருக்கற குட்டி ஊதா நண்டு எது, பச்சை நண்டு வேற இனமா?

அது பெரும்பாலும் ஹெமிகிராப்ஸஸ் நூடஸ், பர்ப்பிள் ஷோர் க்ராப்னு சொல்றது. அலாஸ்கால இருந்து மெக்சிகோவோட பாஹா கலிபோர்னியா வரைக்கும் பசிபிக் கரையில இருக்கு, ஓடு ரொம்ப பெருசானா 5 செ.மீ.க்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க, ஏன்னா இதே இனத்துல ஆலிவ் பச்சை, செம்பழுப்புனு கூட வரும். கொடுக்கைப் பாருங்க, அதுல ஊதாப் புள்ளி இருக்கும், காலு வழவழன்னு முடியே இல்லாம இருக்கும். புள்ளி இல்லாம, காலெல்லாம் முடியா இருந்தா அது பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி கூடவே வாழற ஹெமிகிராப்ஸஸ் ஒரிகோனென்சிஸ், அதுக்கு சேறு கலந்த இடம் ரொம்ப பிடிக்கும், நூடஸ் கல்லு நிறைஞ்ச இடத்துலதான் அதிகம்.

சாப்பாடு முக்கியமா கடல் பாசி, கிடைச்சா செத்த பிராணியும் தின்னும். அலை இறங்கினதும் செவுள் காயாம இருக்கணும்ல, அதான் ஈரமான கல்லடியில பதுங்குது, கடற்காக்கா கண்ணுல படாம இருக்கவும் அதுவே வசதி. எனக்கு ரொம்பப் பிடிச்ச நண்டு இது, அதனால கேட்டுக்கறேன், கல்லைத் தூக்கிப் பாத்தா நண்டு நசுங்காம மெதுவா பழையபடியே வெச்சிடுங்க. ஆணா பொண்ணான்னு தெரியணும்னா வயித்துப் பக்கம் இருக்கற மடிப்பைப் பாருங்க, குறுகலா இருந்தா ஆண், அகலமா இருந்தா பொண்ணு, முட்டையை அந்த மடிப்புக்குள்ளதான் சுமக்கும்.