டர்பனில் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது; திருமணச் சான்றிதழ் எப்படி வாங்குவது?

கோயிலில் கல்யாணம் முடிந்து ஒரு வருடமாகிறது, வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் குருக்களுக்கு போன் போட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: "சாமி, நீங்க மேரேஜ் ஆஃபீசரா?"

கல்யாணத்தைச் சட்டப்படி நடத்திப் பதியத் தென்னாப்பிரிக்க அரசு நியமித்த மேரேஜ் ஆஃபீசராக அவர் இருந்து, அன்றைக்கே உங்களிடமும் இரண்டு சாட்சிகளிடமும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அது ஹோம் அஃபேர்ஸில் (உள்துறையில்) ஏறிவிட்டதா என்று பார்க்க, 'எம்' (M) என்ற எழுத்தையும் உங்கள் ஐடி எண்ணையும் 32551-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருமணமானவர் என்று பதில் வரவேண்டும்.

குருக்கள் மேரேஜ் ஆஃபீசரே இல்லையா, பதிவேட்டில் கையெழுத்தும் போடவில்லையா? அப்படியானால் சட்டப்படி நீங்கள் இருவரும் இன்னும் பிரம்மச்சாரிகள்தான். அம்மி மிதித்ததும் அருந்ததி பார்த்ததும் 1961 திருமணச் சட்டத்தின் கணக்கில் வராது. நம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஊரையே கூட்டி ஆயிரம் பேருக்குச் சோறு போடுவோம். கையெழுத்தை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவோம். கோயில் கல்யாணம் மட்டும் செய்துகொண்ட ஒரு விதவைக்கு, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் உரிமை உண்டு என்று 2008-ல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு அந்தம்மா கோர்ட் படி ஏற வேண்டியிருந்ததே!

இத்தனைக்கும் நம் குருக்களே கல்யாணத்தைப் பதியும் உரிமை சும்மா வரவில்லை. 1913-ல் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அந்த வருடம் காந்தி நடத்திய போராட்டத்தில் பெண்கள் சிறைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். தில்லையாடி வள்ளியம்மை போனதும் அதே போராட்டத்தில்தான். 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் நம் குருமார்களையும் மேரேஜ் ஆஃபீசராக நியமிக்க வழி செய்தது.

சரி, இப்போது செய்யவேண்டியது. ஹோம் அஃபேர்ஸிலேயே பதியலாம். மேரேஜ் ஆஃபீசராக உள்ள வேறொரு குருக்களிடமும் போகலாம். இருவரின் ஐடி, புகைப்படங்கள், இரண்டு சாட்சிகள் வேண்டும். குருக்கள் உங்கள் வீட்டிலேயே நடத்தினால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்! சான்றிதழில் கையெழுத்திடும் நாள்தான் இருக்கும், தாலி கட்டிய தேதி வராது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேதி தள்ளிப்போவதில் ஒரு லாபமும் உண்டு. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பதிந்தால் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும், கடனும்தான். உங்களில் ஒருவர் சொந்தத் தொழில் செய்தால், அவருக்குக் கடன் கொடுத்தவர் மற்றவரின் வீட்டுக்கும் வரலாம். அது வேண்டாமென்றால் பதிவுக்கு முன்பே நோட்டரியிடம் திருமண முன் ஒப்பந்தம் எழுதி, மூன்று மாதத்துக்குள் டீட்ஸ் ஆஃபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகத்தில்) பதிய வேண்டும். நமக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. வக்கீலே பார்த்துக்கொள்வார். கல்யாணம் பதிவான பிறகு மாற்ற நினைத்தால் இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போகவேண்டும், செலவு எக்கச்சக்கம். என்னைக் கேட்டால், இதை யோசிக்காமல் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக வெளிநாட்டு விஷயம். கையெழுத்திட்ட அன்று தரும் சுருக்கச் சான்றிதழை வெளிநாட்டில் பெரும்பாலும் ஏற்பதில்லை. 'அன்அப்ரிட்ஜ்டு' எனப்படும் முழுச் சான்றிதழுக்கு ஹோம் அஃபேர்ஸில் தனியாக விண்ணப்பித்து, அது கைக்கு வந்ததும் பிரிட்டோரியாவில் உள்ள வெளியுறவுத் துறையில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அத்தாட்சி முத்திரை) வாங்குங்கள். முழுச் சான்றிதழ் வரத் தாமதமாகும். கையெழுத்திட்ட கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், விமான டிக்கெட்டை அப்புறம் போடலாம்.