அட்டையில் எழுதிய பெயர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். என் கீழ் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, இந்துக் குடும்பத்துப் பெண், ஐந்து வருடமாக "அக்கா, அக்கா" என்று என்னைச் சுற்றிவந்தவள். மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

புது வருடத்தன்று எங்கள் சபையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, இந்த வருடம் ஆதாயப்படுத்தப்போகும் ஆத்துமாவின், அதாவது இயேசுவிடம் கொண்டுவரப்போகிறவரின், பெயரை எழுதச் சொன்னார் பாஸ்டர். அவள் பெயரை எழுதினேன். இயேசுவை அறிவிக்காமல் விட்டால் அவர்களுடைய இரத்தப்பழி நம் கையில் கேட்கப்படும் என்று பைபிளின் எசேக்கியேல் புத்தகத்தை வைத்து அவர் பிரசங்கித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

மார்ச்சில் அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து எங்கள் ஐசியூவில் இருந்தார். வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தவளிடம் இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியைக் கொடுத்து, "நீ இயேசுவை ஏத்துக்கோ, அப்பா எழுந்து நடப்பாரு" என்றேன். நான்காம் நாள் அவர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்பிட்டாள். படையல் இருக்குமே என்று நான் போகவில்லை. இப்போது என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறாள். தனியாகச் சாப்பிடுகிறாள். நான் சொன்னது தப்பா, இன்னும் உறுதியாகச் சொல்லாமல் விட்டது தப்பா?

– ஒரு வாசகி, கோவை

அன்புச் சகோதரி,

சொன்னதுதான் தப்பு. இயேசுவின் பெயரை எடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அப்பா எழுந்து நடப்பார் என்று வாக்குக் கொடுத்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ஐசியூவில் கிடப்பவரைப் பற்றி யாரும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்பது ஒரு நர்ஸுக்குத் தெரியாததா? துக்கத்தில் இருப்பவர்கள் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்ளக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். இன்னும் சீக்கிரம் கூட்டிவந்திருக்கலாமே, பிரஷர் மாத்திரையைக் கவனித்திருக்கலாமே என்று. "அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ" என்பதையும் நீங்கள் அதோடு சேர்த்துவிட்டீர்கள். அவள் விலகுவது உங்கள் விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்களைப் பார்த்தால் அந்தப் பெஞ்சு ஞாபகம் வரலாம்.

இரத்தப்பழி வசனம் எசேக்கியேல் 3:18. இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைக்கப்பட்ட தீர்க்கதரிசிக்குச் சொன்னது அது. சரி, மூன்று வசனம் மேலே போங்கள். பாபிலோனில் கேபார் நதியண்டையில் சிறைப்பட்டிருந்த தன் ஜனங்களிடம் போய், ஏழு நாள் அவர்கள் நடுவிலே பிரமித்தவனாய்த் தங்கினேன் என்கிறார் எசேக்கியேல். அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான் காவலாளன் என்ற வார்த்தையே வருகிறது. 15-ஆம் வசனத்தை வைத்து யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை! உங்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்தது. பதினாறாம் நாள் போய் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். படையல் சோறு வேண்டாமென்றால், ஐந்து வருடம் உங்களோடு சாப்பிட்டவளுக்கு அது புரியாமலா போயிருக்கும்?

இன்னொன்று, நீங்கள் அவளுக்கு மேலே இருப்பவர். ரோஸ்டரும் லீவும் உங்கள் கையில். அங்கிருந்து கேட்டால், அவள் தலையாட்டினாலும் அது சம்மதம்தானா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது 1 பேதுரு 3:15. இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒருமுறையாவது விசாரித்தாளா? விசாரித்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

டியூட்டி இல்லாத நேரத்தில் அவளைப் பார்த்து, "அப்பா விஷயத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் போனதுக்கும் நீ எதை நம்புறேங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. காரியத்துக்கு வராததும் என் தப்புதான்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். "உனக்காக ஜெபிக்கிறேன்" என்பதைக்கூட அன்றைக்குச் சேர்க்காதீர்கள். ஜெபத்தை வீட்டில் செய்யலாம். அவள் பதில் பேசாமல் போகலாம். மறுபடியும் "அக்கா" வராமலே போகலாம். அதற்காக நைட் டியூட்டியைக் குறைத்துக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

தூக்கமின்மையை மட்டும் ஆவிக்குரிய விஷயம் என்று தள்ளிப்போட வேண்டாம். மாதக்கணக்கில் நீடிக்கிறது, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அட்டையை பாஸ்டரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால், அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுதிவிட்டேன் என்று சொல்லுங்கள்.