விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடுவதும் ஊழியம்தான்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடுகிறது. எங்கள் சபைப் பெண்கள் மருத்துவமனை ஊழியம், சிறுவர் ஊழியம் என்று போய் வருகிறார்கள். என்னால் ஜெபக்கூட்டத்துக்குக்கூடப் போக முடியவில்லை. ஆண்டவருக்கென்று ஒன்றுமே செய்யவில்லையே என்று மனம் உறுத்துகிறது.

பதில்: சகோதரி, நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் வசனத்துக்கு முன்னால் வேலையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு என்று எலும்பு துருத்தி நிற்கும் இடங்களைத் தினமும் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அப்படி இருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். விரிப்பில் சுருக்கம் இருந்தாலும் உறுத்தும், ஈரம் இருந்தால் இன்னும் மோசம். நகர்த்தும்போது இழுக்காமல் தூக்கி வையுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். தொடுவதற்கு முன் "அத்தை, இந்தப் பக்கம் திருப்பப்போகிறேன்" என்று சொல்லுங்கள். பேச்சு வராதவர்களில் பலருக்கு நாம் சொல்வது நன்றாகப் புரியும்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். அப்படியானால் ஒன்றுமே செய்யவில்லை என்று எப்படி எழுதினீர்கள்? மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதி, காவல் என்று ஆறு நிலைமைகளை இயேசு சொல்கிறார். மைக் பிடித்துச் செய்யவேண்டிய காரியம் அதில் ஒன்றுகூட இல்லை. செய்தவர்களே "ஆண்டவரே, எப்பொழுது?" என்று திகைக்கும்போது, "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்று அவர் பதில் சொல்கிறார். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியது, அவள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளைத்தான். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. சொந்தக் குடும்பத்து மூத்தவர்களை விசாரிப்பது தேவனுக்கு முன்பாகப் பிரியமானது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு நேரடியாகவே எழுதுகிறார்.

இன்னும் ஒன்று. உங்கள் கணவரும் அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். அவரைப் பெற்ற தாய் அல்லவா? சபைப் பெண்களையும் கூப்பிடுங்கள். வாரம் ஒரு சாயங்காலம் யாராவது வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தால் நீங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போய் வரலாம். நோயாளிகளைத் தேடி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு உங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருப்பது தெரிய வேண்டும்.

கேள்வி: என் நண்பனின் மனைவி திடீரென்று இறந்துவிட்டார். "என்ன உதவி வேண்டுமானாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் கூப்பிடவே இல்லை. நானாகப் போனால் தொந்தரவாக இருக்குமோ?

பதில்: கூப்பிட மாட்டார், தம்பி. நீங்கள் மனதாரத்தான் சொன்னீர்கள். ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் தனக்கு என்ன தேவை என்று அவர் யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும், கூச்சத்தையும் விழுங்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தெம்பு இருக்காது.

ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். "நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் நான் விட்டு வரட்டுமா?" "இறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது நான் கூட வரட்டுமா?" "வங்கிக் கணக்கில் பெயர் மாற்றும் படிவத்தை உட்கார்ந்து நிரப்பலாமா?" பர்திமேயு பார்வையில்லாதவன் என்பது கூட்டத்துக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனை அருகே அழைத்து, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். நமக்கே எல்லாம் தெரியும் என்று வேண்டாததைக் கொண்டுபோய் இறக்குகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போனால் பேசித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர்கள் இரவு பகல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. "ஆண்டவர் சித்தம்", "அவர் நல்ல இடத்தில் இருக்கிறார்" என்பதையெல்லாம் இப்போது தயவுசெய்து சொல்லாதீர்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

அந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எல்லாரும் தவிர்க்கும் பெயர் அது. உங்கள் நண்பருக்கோ அதைக் கேட்க ஏக்கமாக இருக்கும். அவர்களுடைய திருமண நாளை உங்கள் போனில் குறித்து வையுங்கள். முதல் வாரம் ஊரே வரும், மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். நீங்கள் அப்போது போங்கள்.

கேள்வி: இல்லம் ஒன்றுக்கு உதவிப் பொருள்கள் கொடுத்தோம். பிள்ளைகளோடு எடுத்த படத்தைப் பகிர்ந்தால் மற்றவர்களுக்கும் தூண்டுதலாக இருக்குமே?

பதில்: வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். படத்தில் இருக்கும் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு மதத்தவர். மாத்திரை வாங்கிக் கொடுப்பது, பில் கட்டுவது என்று உதவுகிறேன். இயேசுவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் செய்து என்ன பயன் என்று ஒருவர் கேட்டார்.

பதில்: பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவனும் யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய சமாரியன். மற்ற ஒன்பது பேரிடமிருந்தும் சுகத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவருக்கு மாத்திரை தேவை, வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பின்னால் வேறு கணக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றினால், அடுத்த முறை உங்களிடம் கேட்கவே கூசுவார்.

விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதுகிறார். எங்கள் வார்டில் ஒரு ஆயா இருந்தார். நோயாளியைத் துடைப்பதற்கு முன் முழங்கையைத் தண்ணீரில் வைத்துச் சூடு பார்ப்பார், தன் கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். பல நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவர், "ஏம்மா, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்க?" என்று ஒருநாள் கேட்டார். ஆயா இரண்டு வாக்கியத்தில் இயேசுவைப் பற்றிச் சொன்னார். அப்புறம் முதுகைத் துடைத்து முடித்தார்.

கேள்வி: யார் என்ன கேட்டாலும் எனக்கு முடியாது என்று சொல்ல வராது. சபை வேலை எல்லாம் என் தலையில். உறவினர் ஒருவர் அடிக்கடி கடன் கேட்கிறார். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன். அன்பு என்றால் இப்படித்தானா?

பதில்: பிள்ளைகள் வாங்குகிற திட்டைக் கொண்டே நீங்கள் எவ்வளவு களைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நல்ல சமாரியன் கதையைச் சற்று நிதானமாக வாசியுங்கள். கள்ளர்களிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பராமரித்தான். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். தன்னால் முடிந்ததைக் குறைவில்லாமல் செய்தான், மிச்சத்துக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டான். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, இயேசுவும் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றுதான் புறப்பட்டார்.

சபையில் இரண்டு வேலைகளை வைத்துக்கொண்டு மற்றதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று போதகரிடம் கேளுங்கள். உறவினரிடம், "என்னால் இவ்வளவு தர முடியும், திருப்பித் தர வேண்டாம், இதற்குமேல் என்னிடம் இல்லை" என்று ஒரே முறையில் சொல்லிவிடுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை. தீர்க்கதரிசி எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் அவனுக்குக் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கவிட்டான். அதனால் இன்றைக்கு நீங்களும் நேரத்தோடு படுத்துத் தூங்குங்கள். நாளைக்கு வீட்டுக்கு வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.