முகாமுக்கு என்ன கொண்டுபோகலாம்?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பொங்கலுக்கு அரிசியும் பழைய துணியும் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நண்பர்கள் நினைக்கிறோம். நேரே போகலாமா?

பதில்: நேரே போகாதீர்கள். வெளியார் முகாமுக்குள் நுழைய மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முதலில் முகாம் தலைவரைப் பாருங்கள். அவரும் அங்கேயே குடியிருப்பவர்தான். என்ன தேவை என்று அவரிடமே கேளுங்கள். பழைய துணி என்று சொல்ல மாட்டார்.

ரேஷன் அரிசியும் மாதாமாதம் பணக்கொடையும் அரசு தருகிறது. 2021இல் குடும்பத் தலைவருக்கு அது 1,500 ரூபாய் ஆனது. அதில் குடும்பம் ஓடாது என்பதால் பெயிண்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள்.

அவர்களிடம் இல்லாதது குடியுரிமை. 1983 கலவரத்துக்குத் தப்பி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, பட்டமும் வாங்கிவிட்டார்கள். அரசு வேலை கிடையாது, ஓட்டு கிடையாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. "படிச்சாலும் பெயிண்ட் வாளிதானே சார்?" என்று பிளஸ் டூ பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்னும் அது உறுத்துகிறது.

அதனால் அரிசிக்குச் சேர்த்த பணத்தை ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகக் கட்டுங்கள். உங்களில் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர் இருந்தால் படித்த பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள், மற்றவர்களுக்குத் தரும் அதே சம்பளத்துக்கு. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் அவர் அங்கே இருந்தாக வேண்டும். அன்றைக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள். உதவி செய்வதைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடி பாஸ்போர்ட் உரிமை பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல்முறையாக ஓட்டும் போட்டார். அந்த முகாமில் 1984, 85இல் இங்கே பிறந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தலைவரிடம் விசாரியுங்கள். இருந்தால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க அவரோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க ஒருவர் வேண்டும். வழக்குப் போட ஒரு வக்கீலும் வேண்டும். உங்கள் நண்பர்களில் வக்கீல் யாராவது இருந்தால் முகாமுக்கு அவரைத்தான் முதலில் அழைத்துப் போவேன்.