பூவையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: வயது 44. சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். நிலக்கோட்டை பக்கம் அப்பா பெயரில் ஒரு ஏக்கர் இருக்கிறது, போர் தண்ணீர் உண்டு. மல்லிகை போட ஆசை. ஏஜென்ட் ஒருவர் கன்று கொடுத்து நட்டும் தந்து, மூன்று வருடத்துக்குக் கிலோ 400 ரூபாய் என்று பூவையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். முன்பணம் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மல்லிகை போடுங்கள், இவரோடு போடாதீர்கள்.

நாலடிக்கு நாலடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 2,600 கன்று பிடிக்கும். கன்று பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 26,000 ரூபாய்தான். குழி, எரு, கூலி எல்லாம் சேர்த்தும் அவர் கேட்கும் தொகைக்குக் கணக்கு ஒட்டவில்லை. அவர் விற்பது கன்றை அல்ல, அந்த 400 ரூபாய் என்ற நம்பிக்கையை.

மல்லிகைக்கு நிலையான விலை கிடையாது. சித்திரை, வைகாசியில் பூ குவியும்போது கிலோ 200-க்கும் கீழே இறங்கும். மிஞ்சியது அதைவிடக் குறைந்து சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். மார்கழி, தைப் பனியில் செடி அடங்கிப் பூ குறைந்துவிடும். பொங்கலையொட்டி மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டி விற்றதும் உண்டு. சந்தையில் 1,500 விற்கிற நாளில் ஒப்பந்தத்தைக் காட்டி 400-க்குக் கேட்பார். 200 ஆன நாளில் 'மொட்டு சிறுத்துப்போச்சு, ஈரமா இருக்கு' என்று கழிப்பார். அப்புறம் போனே எடுக்கமாட்டார். வழக்குப் போட்டு அலைவதற்குள் செடிக்கே வயதாகிவிடும்.

கன்றை நேரில் போய் வாங்குங்கள். ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைக் கன்று உற்பத்தியே தொழில். நாலைந்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்புழு, இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கன்றுக் கட்டே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பறிக்க ஆள் இருக்கிறதா? விரியாத முழு மொட்டை வெயில் ஏறும் முன் பறித்தாக வேண்டும். தலையில் லைட் கட்டிக்கொண்டு விடியுமுன் இறங்குகிறார்கள். சீசனில் ஒரு நாள் விட்டாலும் அன்றைய பூ போச்சு. அதனால் முதலில் கால் ஏக்கர், சுமார் 650 கன்று போதும். ஓரளவு வருமானம் இரண்டாம் வருடத்தில்தான் வரும். அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். கமிஷன் கடைக்காரர் முன்பணம் நீட்டினாலும் வாங்காதீர்கள். வாங்கினால் அவர் போடுவதுதான் விலை, அவர் சொல்வதுதான் எடை.

சொட்டுநீர் மானியம் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பட்டா அப்பா பெயரில் மட்டும் இருந்து அவரும் இருக்கிறார் என்றால் சிக்கலே இல்லை. சிறு விவசாயி சான்றையும் மானியத்தையும் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். அப்பா காலமாகியிருந்தாலோ, சித்தப்பா, பெரியப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தாலோதான் தலைவலி. வாரிசுச் சான்று, பாகப் பிரிவினை, உங்கள் பங்கைத் தனியாகப் பிரிக்க உட்பிரிவு மனு, அப்புறம் சர்வேயர். மனுவை ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள். அளக்க வருகிற ஆள் மட்டும் வருவதில்லை. உழுகிறவனை ஒரு கையெழுத்துக்காக இத்தனை நடை நடக்க வைப்பது நியாயமே இல்லை. இந்த இடத்தில்தான் தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர் உள்ளே நுழைகிறார். அவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். பங்காளிகளோடு இப்போதே பேசி, மனுவை நீங்களே போட்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை காலம் இருக்கிறது. அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு வாரம் விடிகாலையில் போய், நீங்களும் கூட நின்று பறித்துப் பாருங்கள். கிலோவுக்கு என்ன கூலி, யார் யார் வருகிறார்கள் என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.